மரத்தைத் திட்டுவதற்கு முன்: கடைசல் பிழைகளை அறிகுறி பார்த்துத் தேடும் வழி

நான் கடைந்த முதல் கிண்ணம் புனலாக முடிந்தது. அடியில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. ஓட்டை விழுந்த நொடியில்தான் தவறு நடந்தது என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது அரைமணி நேரம் முன்பே, ஆழத்தை அளக்காமல் குடையத் தொடங்கியபோதே நடந்துவிட்டது. லேத்தில் மரம் கடையப் பழகுகிறவர்களின் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். அறிகுறி ஓரிடத்தில் தெரியும். காரணம் அதற்கு இரண்டு மூன்று படி முன்னால் ஒளிந்திருக்கும்.

எனவே கீழே எந்த அறிகுறியைத் தேடி வந்திருந்தாலும், முதலில் லேத்தை நிறுத்துங்கள். பிறகு இந்த வரிசையில் பாருங்கள்: உளியின் கூர், டூல் ரெஸ்ட் (உளியைத் தாங்கும் சட்டம்) இருக்கும் இடம், மரத்தைப் பிடித்திருக்கும் பிடி, சுழலும் வேகம், உங்கள் கை. மரம் கடைசியில்தான். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். “இந்த மரமே சரியில்லை” என்று தொடங்கி, புது உளி வாங்குவதில் முடிக்கிறார்கள். அந்தப் புது உளியும் சிறிது நேரத்தில் மழுங்கிவிடும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் அணியாமல் கீழே உள்ள எதையும் சோதித்துப் பார்க்க வேண்டாம். கையுறை, தொங்கும் சட்டைக்கை, கழுத்துச் சங்கிலி எதுவும் லேத்தின் அருகில் வரக்கூடாது. சுவிட்சைப் போடும் முன் மரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். போடும்போது மரம் பறந்தால் வந்து விழக்கூடிய நேர்க்கோட்டிலிருந்து விலகி நில்லுங்கள்.

உளி திடீரென்று மரத்தைக் கடிக்கிறது

‘டக்’ என்று ஒரு சத்தம், கையில் ஓர் அடி, மரத்தில் ஆழமான ஒரு வெட்டு. புதியவர்களை லேத்தைவிட்டே ஓட வைப்பது இதுதான். ஒரு முறை பலமாகக் கடித்துவிட்டால் அடுத்த ஒரு மாதம் உளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேலை செய்வார்கள். இறுக்கிப் பிடிப்பதாலேயே மறுபடியும் கடிக்கும்.

முதல் கேள்வி: உளி முதலில் எதைத் தொட்டது? டூல் ரெஸ்டையா, மரத்தையா? சுழலும் மரம் உங்களுக்கு எதிரில் மேலிருந்து கீழாக வருகிறது. ரெஸ்டில் படியாத உளியின் நுனி அதில் பட்டால், மரம் அந்த நுனியைப் பிடித்து ரெஸ்டின் மேல் ஓங்கி அறையும். எனவே முதலில் உளி ரெஸ்டில் படிய வேண்டும். அடுத்து உளியின் சாய்முகம், அதாவது கூருக்குப் பின்னால் சாணை பிடித்துச் சரித்திருக்கும் பகுதி, மரத்தில் உரச வேண்டும். அந்த நிலையில் எதுவும் வெட்டுப்படாது, உரசும் சத்தம் மட்டும் கேட்கும். அதன் பிறகுதான் பின்கையால் கைப்பிடியை மெல்ல உயர்த்தி, கூரை மரத்துக்குள் இறக்க வேண்டும். ரெஸ்ட், சாய்முகம், கூர். இந்த வரிசை கைக்குப் பழகும்வரை வேறு எதையும் கடையாமல், ஒரு சாதாரணக் கட்டையைக் கடைந்து கடைந்து சீவலாகவே தீர்த்துவிடலாம். நான் அப்படித் தீர்த்த கட்டைகள் பல.

வரிசை சரியாக இருந்தும் கடிக்கிறதா? கூரின் எந்தப் புள்ளி வெட்டுகிறது என்று பாருங்கள். வெட்டும் புள்ளிக்கு நேர் கீழே ரெஸ்ட் உளியைத் தாங்க வேண்டும். குழி உளியின் (நீளவாக்கில் பள்ளம் ஓடும் உளி) வாய் வானத்தைப் பார்த்திருக்கும்போது அதன் ஓரச் சிறகு மரத்தில் பட்டால், அந்தச் சிறகுக்குக் கீழே தாங்கல் கிடையாது. உளி கையில் உருண்டு மரத்துக்குள் பாயும். ஆகவே உளி எந்தத் திசையில் நகர்கிறதோ அந்தத் திசையை நோக்கி வாயைச் சாய்த்துப் பிடியுங்கள். கடிகாரத்தில் சொன்னால் வலப்புறம் போகும்போது இரண்டு மணி, இடப்புறம் போகும்போது பத்து மணி.

சாய்வு உளியில் (கூர் சாய்வாக இருக்கும் தட்டை உளி) கணக்கு இன்னும் கறார். கட்டையை மழமழவென்று சீவும்போது, கூரின் நீளத்தில் கீழ்ப்பாதி மட்டும் வெட்ட வேண்டும். வெட்டு நடுவைத் தாண்டி மேலே உள்ள நீண்ட முனைப் பக்கம் ஏறியதும் உளி புரண்டுவிடும். அந்த முனையை வைத்து வெட்டும் வேலைகள் தனியே உண்டு. ஆனால் சீவிக்கொண்டிருக்கும்போது முனை மரத்தில் பட்டால் கட்டையைச் சுற்றி ஒரு திருகுப் பள்ளம் விழுவது உறுதி.

சுரண்டு உளி கடித்தால் கைப்பிடியைப் பாருங்கள். கைப்பிடி உயர்ந்தும் நுனி தாழ்ந்தும் இருக்க வேண்டும். கிண்ணத்தின் உட்புறத்தில் நுனி மைய உயரத்துக்கு, அதாவது மரம் சுழலும் அச்சின் உயரத்துக்கு, சற்று மேலும், வெளிப்புறத்தில் சற்றுக் கீழும் வேலை செய்யட்டும். அப்படி வைத்தால், மரம் நுனியைக் கீழே இழுத்தாலும் அது வெற்றிடத்துக்குள் போகும், மரத்துக்குள் போகாது.

கடைசியாக ரெஸ்டுக்கும் மரத்துக்கும் இடையே உள்ள தூரம். கடையக் கடைய மரம் சிறுத்துக்கொண்டே போகும். ரெஸ்ட் இருந்த இடத்திலேயே நிற்கும். கால் அங்குலமாகத் தொடங்கிய இடைவெளி ஒன்றரை அங்குலமாகியிருப்பதைப் புதியவர் கவனிக்க மாட்டார். லேத்தை நிறுத்தி ரெஸ்டை நகர்த்துவதற்குச் சோம்பல்தான் காரணம், வேறொன்றும் இல்லை. கிண்ணத்தின் உட்புறம் குடையும்போது ரெஸ்டின் ஒரு முனையையே கிண்ணத்துக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டியிருக்கும்.

ஓர் எச்சரிக்கை: சதுரக் கட்டையை உருண்டையாக்கும் அகன்ற குழி உளியைக் கிண்ண வேலைக்கு எடுக்கவே கூடாது. கைப்பிடிக்குள் போகும் அதன் வால் தட்டையாகவும் மெல்லியதாகவும் இருக்கும். கிண்ணத்தின் வெட்டுமுகத்தில் (நார் குறுக்கே அறுபட்டிருக்கும் பக்கம்) ஒரு முறை கடித்தால் வால் முறிந்து உளி பறக்கலாம்.

சீவல் வரவில்லை, தூள்தான் கொட்டுகிறது

கூர் இல்லை. அவ்வளவுதான். குழி உளியோ சாய்வு உளியோ, சுருள் சுருளாகச் சீவல் வர வேண்டும். தூள் வந்தால், அல்லது உளியை அழுத்தித் தள்ள வேண்டியிருந்தால், சாணைக்கல்லுக்குப் போங்கள். சந்தேகமிருந்தால் விளக்குக்குக் கீழே கூரை நேராகப் பாருங்கள். வெள்ளைக் கோடு மின்னினால் அது மழுங்கல். கூரான விளிம்பில் ஒளி தங்காது.

சாணை பிடித்தும் வெட்டவில்லை என்றால், கல் கூர்வரை எட்டவே இல்லை. சாய்முகம் முழுவதையும் மார்க்கர் பேனாவால் கறுப்பாக்கி, கல்லைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். மை எங்கே அழிந்ததோ அங்கேதான் கல் படுகிறது. பின்பகுதியில் மட்டும் அழிந்திருந்தால் கைப்பிடியை உயர்த்துங்கள். கூரில் மட்டும் அழிந்திருந்தால் தாழ்த்துங்கள். ஒவ்வொரு முறையும் கைக்கணக்கில் பிடித்தால் ஒவ்வொரு முறையும் ஒரு புது கோணம் வரும், சாய்முகம் வைரக்கல் போலப் பல பட்டைகளாகிவிடும். உளியை ஒரே கோணத்தில் நிறுத்தும் தாங்கியை, இரண்டாவது உளி வாங்குவதற்கு முன்பே வாங்கிவிடலாம் என்பது என் கருத்து.

கார்பன் எஃகு உளி சாணையில் நீலம் பூத்தால் அந்தப் பகுதி பதம் இழந்துவிட்டது. நீலம் போகும்வரை தேய்த்தாக வேண்டும். ஹை ஸ்பீட் ஸ்டீல் அந்த வெப்பத்தைத் தாங்கும், ஆனால் சூடான நுனியைத் தண்ணீரில் முக்கக் கூடாது. தேக்கில் மணல் போன்ற சிலிக்கா உண்டு, கூரை வேகமாகத் தின்றுவிடும். தேக்குக் கடைகிறவர் சாணைக்கல்லுக்கு அடிக்கடி நடக்கத்தான் வேண்டும்.

லேத் மொத்தமாக ஆடுகிறது

வேகத்தைக் குறைத்ததும் ஆட்டம் நிற்கிறதா? அப்படியானால் மரம் ஒரு பக்கம் கனமாக இருக்கிறது. சமமில்லாத மரம் இழுக்கும் விசை வேகத்தின் இருமடிப்படி ஏறும்: வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. தொடக்கத்தில் லேத்தின் மிகக் குறைந்த வேகம்தான் சரி. உருண்டையான பிறகு ஒரு தோராயக் கணக்கு உதவும். அங்குலத்தில் விட்டத்தையும் நிமிடச் சுற்றையும் பெருக்கினால் 6000 முதல் 9000 வரை வர வேண்டும். 10 அங்குலக் கிண்ணம் என்றால் 600 முதல் 900 சுற்று. 3 அங்குலக் கட்டை என்றால் 2000 முதல் 3000. இது மேல்வரம்பைச் சொல்லும் கணக்கு. எட்டியே தீர வேண்டிய இலக்கு என்று நினைத்துவிடாதீர்கள்.

வேகம் குறைத்தும் ஆடினால் டெயில்ஸ்டாக் (மரத்தின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) பூட்டு, ரெஸ்டின் பூட்டு, லேத்தின் கால்கள் ஆகியவற்றைக் கையால் அசைத்துப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் ஏதோ ஒரு நெம்பு இறுக்கப்படாமல் கிடக்கும். பெரிய கட்டையை உருட்டும்போது, முடியும் இடத்திலெல்லாம் டெயில்ஸ்டாக்கை முட்டுக் கொடுத்து வையுங்கள். அதை ஒதுக்கிவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மெல்லிய தண்டில் சுருள் சுருளாகத் தடம் விழுகிறது

தண்டு வளைகிறது. விட்டத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் நீளமான எதுவும் நடுவில் வில்லாக வளைந்து உளியைவிட்டு விலகும், பிறகு திரும்பி வந்து அடிக்கும். டெயில்ஸ்டாக்கை இன்னும் இறுக்கினால் சரியாகும் என்று தோன்றும். செய்யாதீர்கள், இரு முனையிலிருந்தும் அழுத்த அழுத்த வளைவு கூடத்தான் செய்யும். அழுத்தத்தைத் தளர்த்துங்கள், உளியைத் தீட்டுங்கள், மெல்லிய சீவலாக எடுங்கள். இடக்கை விரல்களைத் தண்டின் பின்பக்கம் மெல்ல வைத்துத் தாங்கலாம். விரல் சுட்டால் நீங்கள் உளியை அழுத்துகிறீர்கள் என்று பொருள். நல்ல அளவுமானி அது.

கிண்ணத்தின் விளிம்பு கீச்சிடுவதும் இதே கதைதான். சுவர் மெலிந்ததும் அது மணி போல அதிரும். விளிம்புப் பகுதியை முதலில் இறுதிக் கனத்துக்குக் கொண்டுவந்து முடித்துவிட்டு, அடிப்பக்கம் கனமாக இருக்கும்போதே படிப்படியாக உள்ளே போக வேண்டும். முடித்த விளிம்புக்கு “இன்னும் கொஞ்சம்” என்று திரும்பிப் போகவே கூடாது.

எதிரெதிரே இரண்டு இடங்களில் நார் பிய்ந்திருக்கிறது

கிண்ணம் முழுவதும் மழமழப்பு, இரண்டு திட்டுகள் மட்டும் சொரசொரப்பு. இதைப் பார்த்துத்தான் எல்லோரும் மரத்தைத் திட்டுகிறார்கள். பலகைவாக்கில் (நார் லேத்தின் அச்சுக்குக் குறுக்காக இருக்கும்படி) பிடித்த கிண்ணம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் உளி இரண்டு முறை நாரின் நீளவாக்கிலும், இரண்டு முறை நாரின் வெட்டுமுகத்திலும் போகிறது. அந்த வெட்டுமுகப் பகுதிகளில், பின்னால் தாங்க வேறு நார் இல்லாத பக்கத்திலிருந்து வெட்டினால், நார் வெட்டுப்படாமல் பிய்ந்து வரும்.

ஆகவே திசை முக்கியம். கிண்ணத்தின் வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்பு நோக்கியும், உட்புறத்தை விளிம்பிலிருந்து அடி நோக்கியும் கடைய வேண்டும். இரு முனைகளுக்கிடையே பிடித்த தண்டில் எப்போதும் பருத்த இடத்திலிருந்து மெலிந்த இடத்துக்கு, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குவது போல. திசை சரியாக இருந்தும் பிய்ந்தால் அப்போதே தீட்டிய கூருடன், காகிதக் கனத்தில் ஒரு கடைசிச் சீவல். அந்தத் திட்டுகளில் தண்ணீரைத் தொட்டுத் தடவிவிட்டு எடுத்தால் நார் இன்னும் சுத்தமாக அறுபடும்.

உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யலாம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். பிய்ந்த நார் மேற்பரப்புக்குக் கீழே ஆழமாகப் போயிருக்கும். அதைத் தேய்த்து எடுப்பதற்குள் மென்மையான பகுதிகள் குழிந்து கிண்ணம் கோணலாகிவிடும்.

கிண்ணம் சக்கிலிருந்து கழன்று பறக்கிறது

சக் என்பது லேத்தில் மரத்தைத் தாடைகளால் கவ்விப் பிடிக்கும் பிடி; கழுந்து என்பது அது கவ்வுவதற்காகக் கிண்ணத்தின் அடியில் விடும் குட்டை முளை. கீழே கிடப்பதை எடுத்து அந்தக் கழுந்தைப் பாருங்கள். கழுந்து முறிந்திருந்தால், உளி பலமாகக் கடித்திருக்கிறது, அல்லது கழுந்து சிறியது, அல்லது அந்த இடத்தில் மரம் உளுத்திருக்கிறது. கழுந்தின் விட்டம் கிண்ண விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்கட்டும்.

முறியாமல் நழுவியிருந்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றே: கழுந்து நீளமாகி, அதன் முகம் சக்கின் உள்தரையில் முட்டிக்கொண்டிருக்கிறது. கிண்ணத்தின் தோள் (கழுந்தைச் சுற்றியுள்ள படி) சக்கின் தாடைகளுடைய மேல்முகத்தில் பொருந்தி உட்கார வேண்டும். கழுந்தின் நுனிக்கும் உள்தரைக்கும் இடையே வெளிச்சம் போகும் இடைவெளி வேண்டும். தோள் உட்காராத கிண்ணத்தை எவ்வளவு இறுக்கினாலும் பக்கவாட்டு அசைவு நிற்காது. தாடைகள் உட்பக்கம் சரிந்திருந்தால் கழுந்தையும் அதே சரிவில் கடைய வேண்டும். தாடைகள் ஏறக்குறைய மூடிய நிலையில்தான் முழு வட்டமாகப் பிடிக்கும். அகல விரித்தால் எட்டு மூலைகள் மட்டும் மரத்தில் பதியும்.

கழற்றி மறுபடி மாட்டினால் பழையபடி ஓடவில்லை

தோளுக்கும் தாடைக்கும் நடுவில் சிக்கிய ஒரு சீவல் போதும். துடைத்துவிட்டு மாட்டுங்கள். கழற்றும் முன் முதல் எண் தாடைக்கு நேராக மரத்தில் பென்சிலால் குறித்துவைத்தால் பாதித் தொல்லை இல்லை. ஓர் இரவு இடைவெளி விட்டிருந்தால் மரமே சற்று அசைந்திருக்கும்; அதற்கு மருந்து மறுபடி ஒரு மெல்லிய சீவல்தான்.

மோட்டார் ஓடுகிறது, மரம் நிற்கிறது. அல்லது முனையில் புகை

ஸ்பிண்டிலும் (லேத்தின் சுழலும் தண்டு) சேர்ந்து நின்றால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. ஸ்பிண்டில் சுற்றி மரம் மட்டும் நின்றால், மரத்தைச் சுழற்றும் பல்முனை மரத்தில் பதியவில்லை. பல்முனையைத் தனியே கழற்றி, மேசைமேல் நிறுத்திய மரத்தில் மரச் சுத்தியலால் அடித்துப் பதியுங்கள். லேத்தில் மாட்டியபடியே அடித்தால் அந்த அடி பேரிங்குக்குப் போகும். டெயில்ஸ்டாக் பக்கம் புகையும் கருகலும் வந்தால் அங்கே சுழலாத முனை இருக்கிறது. மெழுகு தடவிச் சமாளிக்கலாம், சுழலும் முனை வாங்கினால் கவலையே இல்லை.

அடியில் ஓட்டை, அல்லது நடுவில் குமிழ்

என் புனலுக்கு வருகிறேன். குடையத் தொடங்குமுன்பே, வேண்டிய ஆழத்துக்கு நடுவில் ஒரு துளை போட்டுவிடுங்கள். துளை மறையும் இடத்தில் குடைவதை நிறுத்த வேண்டும். அளக்கும்போது கழுந்தைச் சேர்த்து அளப்பதுதான் வழக்கமான தவறு. கழுந்து கடைசியில் வெட்டி எறியப்படும் பகுதி. கிண்ணத்தின் உயரம் தோளில் முடிந்துவிடுகிறது. நான் அதைச் சேர்த்தே கணக்குப் போட்டிருந்தேன்.

உள் அடியின் நடுவில் சின்னக் குமிழ் மிஞ்சினால், உளியின் நுனி மைய உயரத்துக்கு மேலேயோ கீழேயோ போகிறது. ரெஸ்டை ஒரு நூல் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். மையத்தை நெருங்கும்போது கையின் வேகத்தையும் குறையுங்கள்; அங்கே மரம் நகர்வதே இல்லை, உளிதான் நகர்கிறது.

கடைந்து முடித்த பிறகு மரம் பிளக்கிறது

இந்த ஒன்றில் மட்டும் மரத்தையும் கொஞ்சம் திட்டலாம். பச்சை மரம் காயும்போது சமமாகச் சுருங்காது. ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து வெளிநோக்கிய சுருக்கத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு; நீளவாக்கில் சுருக்கம் இல்லை என்றே சொல்லலாம். வளையம் சுருங்க இடமில்லாமல் இழுபடுவதால், முழு உருளைக் கட்டை மையத்திலிருந்து ஆரம் போலப் பிளக்கிறது. எனவே பிளவு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்.

நடுத்தண்டு (மரத்தின் நட்டநடு மையம்) வழியாகப் போகிறதா? நடுத்தண்டைக் கிண்ணத்துக்குள் விட்டது தவறு. கட்டையை நடுத்தண்டு வழியாகவே இரண்டாகப் பிளந்து, அந்த நடுப்பகுதியைச் செதுக்கி எறிந்துவிட வேண்டும். வெட்டுமுகத்தின் ஓரத்திலிருந்து நுண்ணிய கீறல்களாக வருகிறதா? வெட்டுமுகம் மற்ற பக்கங்களைவிடப் பலமடங்கு வேகமாக ஈரத்தை இழக்கும். மரத்தை அறுத்த அன்றே அந்த முகங்களில் மெழுகு பூசியிருக்க வேண்டும். சுவரின் கனம் மாறும் இடத்திலா? அடி கனமாகவும் சுவர் மெல்லியதாகவும் விட்டிருக்கிறீர்கள். மெல்லிய சுவர் முதலில் காய்ந்து சுருங்கும்போது, ஈரம் போகாத அடி அதற்கு வழிவிடாது.

பச்சை மரத்தில் பாதுகாப்பான வழி இரண்டு முறை கடைவது. முதலில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்குக் கடையுங்கள்: 10 அங்குலக் கிண்ணத்துக்கு 1 அங்குலச் சுவர். அதன் சீவலோடு சேர்த்துக் காகிதப் பையில் போட்டு, காற்றோட்டம் படாத மூலையில் வையுங்கள். வாரம் ஒரு முறை எடை போட்டுப் பையின் மேலேயே எழுதி வாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. இதற்குள் அது முட்டை வடிவாகக் கோணியிருக்கும். அந்தக் கோணலைக் கடைந்தெடுக்கத்தான் அவ்வளவு கனம் விட்டோம். சாப்பிடப் போகும் அரைமணி நேரத்தில்கூடப் பாதி கடைந்த பச்சைக் கிண்ணம் பிளக்கலாம். போகுமுன் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டுப் போங்கள்.

பிளவு விழுந்த கிண்ணத்தை லேத்தில் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டால், மயிரிழைக் கீறலில் சயனோஅக்ரிலேட் பசையை (நொடியில் ஒட்டும் பசை) இறக்கி, ஆறவிட்டு, மெல்ல ஓட்டலாம். விளிம்பிலிருந்து அடிவரை போன பிளவை நான் ஓட்ட மாட்டேன்.

கருங்காலி போன்ற அடர்ந்த மரத்தில் தேய்த்த பிறகு மட்டும் நுண்கீறல் தெரிந்தால் அது காய்ந்ததால் வந்ததில்லை, சூட்டால் வந்தது. உப்புத்தாளை அழுத்தியிருக்கிறீர்கள்.

மெருகு போட்டபின் வட்ட வட்டமாகக் கீறல் தெரிகிறது

முதல் தாளின் கீறல் அது. 120, 180, 240, 320 என்று சொரசொரப்பு குறையும் எண்களில் போகும்போது ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறலை மட்டுமே அழிக்கும். 120இலிருந்து 320க்குத் தாவினால் கீறலின் தலை மழுங்கும், பள்ளம் அப்படியே இருக்கும், மெருகு அதைத் துலக்கிக் காட்டும். தாள் மாற்றும்போது தூளைத் துடையுங்கள். லேத்தை நிறுத்தி, நாரின் போக்கில் கையால் நான்கு இழுப்பு இழுங்கள். தேய்க்கும்போது டூல் ரெஸ்டைக் கழற்றிவிட வேண்டும், வேகம் பாதியாக வேண்டும். தாளை விரலில் சுற்றக் கூடாது. மரம் உங்களைவிட்டு விலகிச் செல்லும் அடிப்பக்கத்தில் பிடித்தால், சிக்கினாலும் தாள்தான் போகும். மெருகு தடவத் துணி வேண்டாம், கிழிந்துவிடும் காகிதம் போதும்.

மூக்குக்கவசம் இந்தக் கட்டத்தில்தான் மிக அவசியம். உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூளை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. உளியிலிருந்து வரும் சீவல் தரையில் விழும். உப்புத்தாளின் தூள்தான் காற்றில் மிதந்து நுரையீரலுக்குப் போகும்.

ஆளிவிதை எண்ணெய் தடவியிருந்தால், துடைத்த காகிதத்தைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடாகும். கசங்கிய காகிதத்துக்குள் அந்தச் சூடு தங்கித் தானே பற்றிக்கொள்ளும். விரித்து வெளியே காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய தகர டப்பாவில் முக்கி மூடி வையுங்கள்.